மர வளையம் மாட்டிய ஸ்னேர்: எந்தச் சத்தத்துக்கு எங்கே கை வைப்பது

தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவிலும் பேண்டு செட்டிலும் வாசிக்கிற தம்பிகள் சிலர் ஸ்னேரில் (அடித்தோலில் கம்பிகள் ஓடுகிற டிரம்) தோலை இறுக்கிப் பிடிக்கிற இரும்பு வளையத்தைக் கழற்றிவிட்டு மர வளையம் மாட்டியிருக்கிறார்கள். நல்ல விஷயம், நானும் மாட்டித்தான் வாசிக்கிறேன். ஆனால் மாட்டிய மறுநாளே போன் வந்துவிடும். "அண்ணே, சத்தம் செத்துப்போச்சு." "அண்ணே, ரிம் ஷாட் விழவே மாட்டேங்குது." "அண்ணே, மழை பெஞ்சதும் சுருதி ஏறிப்போச்சு, பழைய வளையத்தையே மாட்டிரவா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன். உங்கள் டிரம்மில் என்ன கோளாறோ அந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும், ஆனால் முதல் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எதற்கும் முன்னால்: வளையத்தைத் தனியாகத் தட்டிப் பாருங்கள்

வளையத்தை டிரம்மிலிருந்து கழற்றி ஒரு நூலில் தொங்கவிட்டு, குச்சியால் லேசாகத் தட்டுங்கள். இரும்பு வளையம் 'டிங்ங்' என்று சிணுங்கிக்கொண்டே இருக்கும். மர வளையம் 'டொக்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நின்றுவிடும். ரிம் ஷாட்டிலும் (தோலிலும் வளையத்திலும் ஒன்றாக விழுகிற அடி) கிராஸ் ஸ்டிக்கிலும் (குச்சியைத் தோலில் படுக்க வைத்து வளையத்தில் தட்டுகிற அடி) தோலின் சத்தத்தோடு போய்ச் சேருகிற குரல் இதுதான். மர வளையம் முக்கியமாக மாற்றுவது விளிம்பின் குரலை. தோலின் நடுவில் அடிக்கிற அடியில் அது செய்கிற மாற்றம் சின்னதுதான்: மேலே நீளமாக இழுக்கிற கீச்சு ஒலி கொஞ்சம் அடங்கும், அடி கொஞ்சம் சீக்கிரம் முடியும். அதற்கு மேல் ஏதாவது பெரிதாக மாறியிருந்தால், வளையத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் அதை மாட்டின விதத்தைப் பாருங்கள். எனக்கு வந்த போன்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் முடிந்திருக்கிறது.

தட்டும்போது 'டொக்' என்று வராமல் 'டப்' என்று செத்த சத்தமோ 'டர்ர்' என்று ஒரு அதிர்வோ வந்தால் வளையத்தில் விரிசல் இருக்கிறது, அல்லது ஒட்டு விட்டிருக்கிறது. அப்படியானால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

கோளாறு: சத்தம் மந்தமாகிவிட்டது, உயிரே இல்லை

முதலில் மேல்தோலைப் பாருங்கள். அங்கே ஒரு ஜெல் துண்டோ, இரண்டு பட்டை டேப்போ, மடித்த கைக்குட்டையோ இருக்கிறதா? இரும்பு வளையம் இருந்த காலத்தில் கோயிலுக்குள் சத்தம் கணகணவென்று எதிரொலித்ததால் அதை ஒட்டியிருப்பீர்கள். இப்போது அந்தக் கணகணப்பில் ஒரு பங்கை மரமே எடுத்துக்கொண்டுவிட்டது. இதற்கு மேலும் டேப் ஒட்டி வைத்தால் ஒரே நோய்க்கு இரண்டு மருந்து கொடுத்த மாதிரி. எல்லாவற்றையும் உரித்துவிட்டு, தோலைத் துடைத்துவிட்டு அடித்துப் பாருங்கள்.

அப்போதும் மந்தமாக இருந்தால் மேல்தோலின் இறுக்கம் குறைந்திருக்கிறது. கொக்கி போட்டு மாட்டுகிற வளையத்தில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் கொக்கி மரத்தைக் கடிக்காமல் இருக்க நாம் அடியில் ரப்பர் வைக்கிறோம் (நான் சைக்கிள் டியூப் துண்டுதான் வைக்கிறேன்), அந்த ரப்பர் முதல் இரண்டு நாளில் அமுங்கி ஒரு நிலைக்கு வரும், அதோடு சேர்ந்து சுருதியும் இறங்கும். அதனால் மாட்டிய அன்றே முடிவுக்கு வராமல், இரண்டு நாள் வாசித்துவிட்டு மறுபடி சுருதி கூட்டிப் பாருங்கள்.

அப்புறம் கீழ்த்தோல். அதை யாரும் தொடுவதே இல்லை. மேல்தோல் சாதாரணமாக 10 மில் கனம் (ஒரு மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது கால் மில்லிமீட்டர். கீழே இருப்பது பெரும்பாலும் 3 மில், பேப்பரை விட மெல்லியது. இந்த மெல்லிய தோல் தளர்ந்திருந்தால் ஸ்னேர் கம்பிகள் சோம்பேறித்தனமாகப் பதில் சொல்லும், அதைக் கேட்டுவிட்டு மரம் சத்தத்தை விழுங்கிவிட்டது என்று நினைப்போம். கீழ்த்தோலை மேல்தோலை விடச் சற்று அதிகமாக இறுக்கி, கம்பியின் இழுப்பைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். எனக்கு இதுவே பல தடவை போதுமானதாக இருந்திருக்கிறது.

கோளாறு: ரிம் ஷாட் ஒரு பக்கம் விழுகிறது, மறுபக்கம் விழவில்லை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மர வளையம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ரிம் ஷாட்டுக்காகத்தான் போடுகிறார்கள்.

ரிம் ஷாட் என்றால் குச்சியின் நுனி தோலிலும் தண்டு வளையத்திலும் ஒரே நொடியில் விழுவது. அந்த 'ஒரே நொடி' வளையம் தோலுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இரும்பு வளையத்தின் மேல் விளிம்பு வளைத்து மடித்த மெல்லிய தகடு. மரம் கனமானது, பெரும்பாலும் உயரமாகவும் நிற்கும். பழைய கோணத்திலேயே கையை இறக்கினால் தண்டு முதலில் மரத்தில் பட்டுவிடும், நுனி தோலைத் தொடவே செய்யாது. 'டொக்' மட்டும் கேட்கும், தோலின் வெடிப்பு கேட்காது. அதற்கு வைத்தியம் சுலபம்: டிரம்மை ஒரு விரல்கடை இறக்குங்கள், அல்லது உங்கள் பக்கம் லேசாகச் சாய்த்து வையுங்கள். இரண்டு மூன்று நாளில் கை பழகிவிடும்.

ஆனால் ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் விழவில்லை என்றால் அது கையின் குற்றம் இல்லை, வளையம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு சின்ன ஸ்கேலைத் தோலின் மேல் செங்குத்தாக நிறுத்தி, ஒவ்வொரு ராடுக்குப் (வளையத்தை இறுக்குகிற நீளத் திருகு) பக்கத்திலும் வளையம் தோலுக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்று அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். போன மாதம் ஒரு தம்பியின் 14 அங்குல ஸ்னேரை அளந்தபோது ஒரு முனையில் 13 மில்லி, எதிர்முனையில் 9 மில்லி இருந்தது. சுருதி எல்லா இடத்திலும் ஓரளவு ஒத்துத்தான் இருந்தது, அதனால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. தோலை முழுக்கத் தளர்த்தி, எல்லா ராடையும் விரலாலேயே தொடும் அளவுக்கு மட்டும் திருகி, உயரம் சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எதிரெதிராகக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கினோம். பத்து ராடு, ஒவ்வொன்றுக்கும் நாலு தடவை. பொறுமை வேண்டும், ஆனால் முடிந்ததும் எந்தப் பக்கம் அடித்தாலும் வெடித்தது.

ஏன் கால் சுற்று? மெல்லிய இரும்பு வளையம் வளைந்து கொடுக்கும், ஒரு ராடை முறுக்கினால் அந்த இடம் மட்டும் இறங்கும். கனமான மர வளையம் அப்படி வளையாது. ஒரு பக்கம் முறுக்கினால் அக்கம்பக்கமும் சேர்ந்து இறங்கும், சில சமயம் எதிர்ப்பக்கம் தூக்கும். தேரை ஒரு வடத்தை மட்டும் பிடித்து இழுத்தால் நேராகப் போகுமா? அதே கதைதான் இதுவும்.

கோளாறு: ஒரே ஒரு இடம் மட்டும் சுருதிக்கு வரமாட்டேன் என்கிறது, தோலில் சுருக்கம் விழுகிறது

வளையம் தட்டையாக இல்லை, அல்லது வட்டமாக இல்லை. தட்டையா என்று பார்க்க அடுப்படிக் கடப்பாக்கல் மேடையே போதும். வளையத்தை அதன் மேல் வைத்து, சுற்றிலும் ஒரு தாளை அடியில் நுழைத்துப் பாருங்கள். ஒற்றைத் தாள் ஏதோ ஓர் இடத்தில் நுழைந்தால் பரவாயில்லை. தபால் அட்டை தாராளமாக நுழைந்து வந்தால் வளையம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. வட்டமா என்று பார்க்க, புதுத் தோலை வளையத்துக்குள் வைத்துச் சுற்றிலும் இடைவெளியைப் பாருங்கள். தோலின் அலுமினிய விளிம்பு எங்கேயும் உரசாமல், எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் சுழல வேண்டும். ஓரிடத்தில் பிடித்தால் அந்த இடத்தில் நீங்கள் முறுக்குகிற பலம் எல்லாம் மரத்தோடு உரசுவதிலேயே போய்விடும், தோலுக்குப் போய்ச் சேராது. லேசான பிடிப்பு என்றால் உள்பக்கத்தை 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தேய்த்த இடத்துக்கு வார்னிஷ் பூசிவிடலாம்.

உள்ளூரில் வளையம் செய்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அகலப் பலகையில் வட்டம் வரைந்து அறுத்து எடுத்த வளையத்தை வாங்காதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் பலகையின் நார் ஒரே திசையில்தான் ஓடுகிறது, வட்டமாக அறுக்கும்போது எதிரெதிரான இரண்டு இடங்களில் நார் குறுக்கே வெட்டுப்பட்டுவிடும், அங்கே வளையம் பிஸ்கட் மாதிரி. நான் முதலில் வாங்கியது அப்படிப்பட்டதுதான், பூவரசம் பலகையில் அறுத்தது. சுருதி ஏற்றிக்கொண்டிருக்கும்போதே 'படக்'. ஒடிந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வல்லம் கட்டுகிற ஓடாவி (படகுத் தச்சர்) ஒருவரிடம் போனேன். அவர் ஒடிந்த முகத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வளைவு வேணும்னா மரத்த வளைக்கணும் தம்பி, அறுக்கக் கூடாது" என்றார். டிரம் வளையத்தை அவர் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. ஆனால் விஷயம் அதேதான்: நல்ல வளையம் ஒன்று ஆவியில் வளைத்த ஒற்றைப் பட்டையாக இருக்கும், இல்லையென்றால் மெல்லிய பட்டைகளை அச்சில் சுற்றி அடுக்கடுக்காக ஒட்டியதாக இருக்கும். இரண்டிலும் நார் பெரும்பாலும் வட்டத்தோடு சேர்ந்தே ஓடும். வெளிநாட்டு வளையங்களில் பெரும்பாலும் மேப்பிள் மரத்தை இப்படி அடுக்கித்தான் செய்கிறார்கள். வாங்கும்போது மேல் விளிம்பைப் பாருங்கள், கோடுகள் வளையத்தோடு வளைந்து ஓடினால் வாங்கலாம்.

கோளாறு: ராடு பிடிக்கவில்லை, அல்லது நாலு சுற்றிலேயே நிற்கிறது

இரும்பு வளையத்தில் ராடின் தலை தாழ்வான காதில் உட்காரும். கொக்கி வகை மர வளையத்தில் கொக்கி மரத்தின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் ராடின் தலை உயரே போய்விடுகிறது. பழைய ராடு எட்டாது. எட்டினாலும் நாலு மரையில் தொங்கிக்கொண்டிருந்தால் அடி விழ விழக் கழன்று வரும், லக்கின் (டிரம்மின் உடம்பில் ராடு திருகி இறங்குகிற பிடி) மரையும் தேய்ந்து போகும். குறைந்தது ஆறேழு சுற்று உள்ளே போகிற நீளத்தில் புது ராடு வாங்குங்கள். பெரும்பாலான டிரம்களுக்கு 12-24 என்கிற மரை, சில ஐரோப்பிய டிரம்களுக்கு வேறு மரை. அதனால் பழைய ராடு ஒன்றைக் கடைக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.

கோளாறு: கிராஸ் ஸ்டிக் 'டிக்' என்று மெலிசாகக் கேட்கிறது

மெதுவான பாட்டில், நற்கருணை நேரத்தில், குச்சியைத் தோலில் படுக்க வைத்து வளையத்தில் தட்டுகிற அந்த அடிதான் மர வளையத்தின் சொத்து. அது மெலிசாக வந்தால் குச்சியை மாற்றிப் பிடியுங்கள்: நுனி உள்ளங்கைப் பக்கம், தடித்த முனை வளையத்தில். பிறகு குச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிக்கொண்டே தட்டிப் பாருங்கள். வளையத்துக்கு வெளியே ஐந்து சென்டிமீட்டரிலிருந்து ஏழு சென்டிமீட்டருக்குள் எங்கோ ஓரிடத்தில் சத்தம் திடீரென்று பெருகும், முற்றிய தேங்காயைச் சுண்டினது மாதிரி. அந்த இடத்தில் குச்சியில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது தெரியாமல் இரண்டு வருடம் மெலிசாகவே வாசித்திருக்கிறேன்.

குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற கிராமத்துக் கோயிலில் இந்த அடி இன்னும் நன்றாகக் கேட்கும், ஏனென்றால் அந்தக் குழாய் நடுத்தர ஒலிகளைத்தான் தூக்கிக் கொடுக்கும், மரத்தின் 'டொக்' அங்கேதான் இருக்கிறது. மைக்கை வளையத்திலேயே கவ்வி மாட்டுகிற கிளிப் பெரும்பாலும் மரத்தின் கனத்துக்குத் திறக்காது, நெட்டித் திறந்து மாட்டினால் தழும்பு விழும். தனி ஸ்டாண்டு போடுங்கள்.

கோளாறு: ஐப்பசி பிறந்ததும் சுருதி ஏறுகிறது, வெயில் அடித்ததும் இறங்குகிறது

நம் மாவட்டத்துக்கு மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். சரியாக கிறிஸ்துமஸ் ஒத்திகை நடக்கிற நேரம். வாடைக்காற்று ஈரத்தோடு வீசும்போது ஸ்னேர் மட்டும் ஏன் விறைக்கிறது என்று கேட்பார்கள். பறை மாதிரி தோல் ஈரத்தில் தளர வேண்டாமா, இது ஏன் ஏறுகிறது?

ஸ்னேரில் இருப்பது மாட்டுத்தோல் இல்லை, பாலியெஸ்டர் பிலிம். அது ஈரத்தைக் குடிக்காது. குடிப்பது மரம். மரம் ஊதும்போது நாரின் நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறவே மாறாது, குறுக்குவாக்கில்தான் ஊதும். அதனால் வளையத்தின் விட்டம் அப்படியே இருக்கும், உயரம் கூடும். அந்த உயரம்தான் கொக்கிக்கும் தோலின் விளிம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 25 மில்லி உயர வளையம் ஒரு சதவீதம் ஊதினால் கால் மில்லி. ராடில் அங்குலத்துக்கு 24 மரை, அப்படியென்றால் ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு மில்லிக்குச் சற்று மேல். ஆக, பத்து ராடையும் யாரோ ராத்திரியில் வந்து கால் சுற்று முறுக்கிவிட்டுப் போன மாதிரி. பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டின வளையத்தில் இது குறைவு. எல்லாப் பட்டையும் ஒரே திசையில் ஓடுகிற வளையத்தில் அதிகம்.

செய்ய வேண்டியது: வளையத்தைக் கழற்றி, வார்னிஷ் ஏறாத இடங்களைத் தேடுங்கள். வெளிப்பக்கம் பளபளவென்று இருக்கும், ஆனால் தோலின் மேல் உட்காருகிற அடி விளிம்பும் ராடு போகிற துளைகளின் உட்புறமும் பூச்சில்லாத வெறும் மரமாகவே கிடக்கும். ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான். மெல்லிய வார்னிஷை இரண்டு மூன்று தடவை பூசுங்கள், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு 320 நம்பர் தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு அடுத்தது. மழை குறைந்த பங்குனி சித்திரையில் செய்தால் நல்லது. படகுக்குப் பூசுகிற பைபர் ரெசின் கைவசம் இருக்கிறதே என்று அதை ஊற்றாதீர்கள். அது மரத்தோடு சரியாகப் பிடிக்காது, கனம் ஏறி உள்வட்டம் சுருங்கும், பிறகு தோலே உள்ளே போகாது.

அதுவரைக்கும்: மழை நாளில் வாசிப்பதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே டிரம்மைப் பையிலிருந்து எடுத்து வைத்து, பிறகு சுருதி பாருங்கள். ஏறியிருந்தால் மேல்தோலை மட்டும் இறக்குங்கள். கீழே இரும்பு வளையம்தானே, அது மாறியிருக்காது.

கோளாறு: கீழே கம்பி இரைகிறது, அல்லது முழுசாகத் தளரவில்லை

கீழேயும் மர வளையம் போட்டிருக்கிறீர்கள். ஸ்னேர் கம்பியின் நாடா வெளியே வருவதற்கு வளையத்தில் இரண்டு பக்கமும் வெட்டு வேண்டும். வெட்டு இல்லாத வளையத்தை மாட்டினால் நாடா நசுங்கும், ஸ்டிரெய்னர் (கம்பியை இறுக்கித் தளர்த்துகிற நெம்பு) மடக்கும்போது மரத்தில் இடிக்கும். கீழே பழைய இரும்பு வளையத்தையே போட்டுவிடுங்கள். விளிம்பில் அடிப்பது மேலேதான், கீழே மரம் போட்டு நான் கேட்டவரைக்கும் செலவுக்கேற்ற பலன் இல்லை.

கோளாறு: பவனி முடிந்து வந்தால் வளையம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது

சைடு டிரம்மை பெல்ட்டில் மாட்டி நடக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற கோளாறு. பெல்ட்டின் கொக்கியை மேல் வளையத்தின் ராடில் மாட்டினால், நடக்கிற நடைக்கெல்லாம் முழு டிரம்மின் கனமும் அந்த ஒரு இடத்தில் குதிக்கும். இரும்பு தாங்கும். மரத்தில் கொக்கி பதிந்து குழி விழும், அந்த ராடு மட்டும் தளரும். டிரம்மின் உடம்பில், ஒரு லக் திருகுக்கு அடியில், தனியாக ஒரு வளையம் போட்டு அதில் பெல்ட்டை மாட்டுங்கள். கடற்கரை வழியாகப் போகிற பவனி என்றால், வீட்டுக்கு வந்ததும் பிழிந்த ஈரத்துணியால் கொக்கிகளையும் ராடுகளையும் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். உப்பு மரத்தைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் கொக்கி துருப்பிடித்தால் அந்தத் துரு மரத்தில் கறுப்பாக இறங்கும், அது போகவே போகாது. மாதம் ஒருமுறை ராடின் மரையில் ஒரு பொட்டு கிரீஸ்.

கோளாறு: விளிம்பு தின்னப்பட்டுவிட்டது, விரிசல் தெரிகிறது

இரும்பு வளையம் குச்சியைத் தின்னும், மர வளையத்தைக் குச்சி தின்னும். ரிம் ஷாட் விழுகிற இடத்தில் ஆறு மாதத்தில் பல் பல்லாகத் தெரியும். அது அழகுக்குறைவுதான், கோளாறு இல்லை. அடுத்த தடவை தோல் மாற்றும்போது வளையத்தை ஒரு ராடு அளவு தள்ளி மாட்டுங்கள், அடி புது இடத்தில் விழும். பத்து ராடு இருந்தால் பத்து இடம்.

விரிசல் வேறு. அடுக்குகளுக்கு நடுவில் ஒட்டு விட்டிருந்தால், தோலைத் தளர்த்தி வளையத்தைக் கழற்றி, பிளவை மெல்லிய கத்தியால் லேசாகத் திறந்து, மர கோந்தை உள்ளே இறக்கி, இரண்டு பக்கமும் கட்டை வைத்து கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் நூலில் தொங்கவிட்டுத் தட்டுங்கள். பழைய 'டொக்' வந்தால் மாட்டலாம். விரிசல் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தால், அல்லது ஒரு கொக்கியிலிருந்து கிளம்பியிருந்தால், ஒட்டாதீர்கள். இறுக்கத்தில் இருக்கும்போது அது விட்டால் துண்டு முகத்தை நோக்கித்தான் வரும். அன்றைக்குப் பழைய இரும்பு வளையத்தையே மாட்டி வாசியுங்கள். கழற்றி வைத்த பழைய வளையத்தையும் பழைய ராடுகளையும் அதற்காகத்தான் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்கிறேன்.